மொட்டை மாடிக்கு ஒரு விதி

விதியை எழுதுகிறவன் கையில்தான் உலகம் இருக்கிறது. இது என் பதினெட்டு வருட சர்வீஸில் நான் கண்ட உண்மை. இந்த உண்மைக்குப் போன மாதம் ஒரு சின்னப் பங்கம் வந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

நான் நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவின் தலைமை எழுத்தர். இந்த ஊரில் ஒரு சுவர் எழும்ப வேண்டுமானாலும், ஒரு ஜன்னல் தெருப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டுமானாலும் என் முத்திரை விழ வேண்டும். வீட்டில் என் பேச்சுக்கு ஒரு ஸ்பூன்கூட அசையாது என்பது வேறு விஷயம். அதை ஆபீஸில் யாரும் கேட்பதில்லை.

என் மனைவி தையல்காரி. சும்மா தையல்காரி இல்லை, மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைப்பவள். முன்னறையில் மூன்று மிஷின், கூட இரண்டு பெண்கள். நடுக்கூடத்தில் வெட்டிய துணி. படுக்கையறையில் வெட்டாத துணி. ஒருமுறை அசந்து தூங்கி எழுந்தபோது என் மேலேயே பன்னிரண்டு அரை டிராயர் அடுக்கியிருந்தது. வீட்டில் எனக்கென்று மிச்சம் இருந்தது மொட்டை மாடி ஒன்றுதான். அங்கே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறினால் எட்டு மணி வரைக்கும் நான் ராஜா. கீழேயிருந்து, "என்னங்க, இந்தப் பொத்தானைக் கொஞ்சம் தைச்சுக் குடுங்க" என்று குரல் வரும். ரேடியோவை ஒரு திருகு திருகுவேன். குரல் வராது.

இப்படிப்பட்ட மாடிக்குத்தான் ஆபத்து வந்தது.

"என்னங்க, மாடியில சோலார் போடப் போறேன்."

"எந்த மாடியில?"

"நமக்கு எத்தனை மாடி இருக்கு?"

"முழுசாவா?"

"பன்னிரண்டு பேனல். பேட்டரியோட. படிக்கட்டுக் கதவு திறக்கிற அளவுக்கு இடம் விடுவாங்களாம்."

"அப்ப என் நாற்காலி?"

"நாற்காலிக்குக் கரண்டு வேண்டாமே!"

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்டு போகும். நாலு மணிக்கு வரும். அந்த இரண்டு மணி நேரமும் மூன்று மிஷினும் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து வாரம்தான் இருந்தது. இன்னும் இரண்டாயிரம் சட்டை பாக்கி. நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் மூன்று பள்ளிக்கூடமும் கையை விட்டுப் போய்விடும். எல்லாம் சரி. ஆனால் என் மாடி?

"போடலாம், போடலாம். புது விதி வரட்டும்" என்றேன்.

புது விதி என்று நான் கதை விடவில்லை. நிஜமாகவே எங்கள் ஊரில் அப்போது சோலாருக்கு விதி திருத்திக்கொண்டிருந்தார்கள். பழைய விதியில் சோலார் என்ற சொல்லே கிடையாது. அதனால் அவரவர் இஷ்டத்துக்கு மாட்டினார்கள். செருப்புக் கடைக்காரர் பாதித் தெருவுக்குக் கூரை போட்ட மாதிரி பேனலை நீட்டிவிட்டார். பல் டாக்டர் கம்பம் நட்டு மூன்றாவது மாடி உயரத்தில் ஏற்றினார். எந்தத் தெருவில் போடலாம், எவ்வளவு உயரம், சுவரிலிருந்து எத்தனை அடி என்றெல்லாம் வரைவு எழுதச் சொல்லி நகராட்சித் தலைவி அம்மாள், பொறுப்பை ஒருவரிடம் கொடுத்தார்.

அந்த ஒருவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பேனாவைத் திறந்தேன். ஆறு விதிகளும், கடைசியில் கட்டணத்துக்கு எட்டாவது விதியும் ஊருக்காக எழுதினேன். ஏழாவது விதியை எனக்காக எழுதினேன்.

'பேனல்களில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அண்டை வீட்டாரின் கண்களைக் கூசச் செய்யக்கூடும் என்பதால், அடுத்த வீட்டாரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இன்றி அனுமதி வழங்கலாகாது.'

எப்படி? எங்கள் வீடு மூலை வீடு. ஒரு பக்கம் தெரு. இன்னொரு பக்கம் ஆட்சேபணையார்.

ஆட்சேபணையார் என்பது அவர் பெயர் இல்லை. ஆபீஸில் நாங்கள் வைத்தது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதுவரை முப்பத்தொரு மனு கொடுத்திருக்கிறார். தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறது என்று ஒரு மனு. கழற்றினோம். தெரு இருட்டாக இருக்கிறது என்று அடுத்த மனு. என் ரேடியோவைப் பற்றியும் ஒன்று கொடுத்தார். பாவம், அது சுற்றிச் சுற்றி என் மேஜைக்கே வந்தது. 'விசாரிக்கப்பட்டது. புகாரில் உண்மை இல்லை' என்று எழுதி மூடிவிட்டேன். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக என் முகத்தைப் பார்த்தாலே ஜன்னலைச் சாத்துவார். அவராவது, எங்களுக்குச் சம்மதம் கொடுப்பதாவது!

வரைவைப் பார்த்த தலைவி அம்மாள், "ஏழாவது விதி அருமைங்க. ஜனங்க மேல உங்களுக்கு எவ்வளவு அக்கறை!" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார். சிரிப்பு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதினதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தால்தான் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வரைக்கும் கணீரென்று படித்தேன். ஏழைத் தாண்டி எட்டுக்குப் போனேன்.

"ஆறுக்கு அப்புறம் எட்டா வரும்?"

பொத்தான் எண்ணுகிறவளிடம் எண்ணிக்கையில் விளையாடலாமா? புத்தி இல்லாதவன் நான்.

"ஏழு சும்மா... ஆபீஸ் விஷயம்."

"குடுங்க இங்க."

கொடுத்தேன். கொடுக்காமல் இருந்து பழக்கம் இல்லை. படித்தாள். தரையில் இருந்த கத்தரிக்கோலைக் காலால் மெல்ல நகர்த்தி வைத்தேன். அவளோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நல்ல விதிதான்."

"என்னது?"

"அப்ப நம்ம மாடிக்கு அந்த சார் சம்மதிக்கணும்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? என் பெண்டாட்டிங்கறதுக்காக நான் சலுகை காட்டினா ஊர் சிரிக்காதா?"

"ஐயோ, கூடவே கூடாது. நான் தோத்துட்டேன், விடுங்க. ஆனா எழுதறதைக் கொஞ்சம் ஒழுங்கா எழுதக் கூடாதா? எவ்வளவு பெரிய ஓட்டை!"

"ஓட்டையா? என் விதியிலயா?"

"அடுத்த வீட்டார்னு மொட்டையாப் போட்டிருக்கீங்க. அடுத்த வீட்டுல யாரு? குடியிருக்கறவங்களா? மாமியாரா? ஊருக்கு வந்த கொழுந்தனாரா? யாரு கையெழுத்துப் போட்டாலும் செல்லுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதானே! ஆட்சேபணையாரின் மனைவி இளகின மனசு. இவள் போய் "அக்கா" என்று கூப்பிட்டால் இரண்டு கையாலும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கதவை உடனே அடைத்தேன். 'பத்திரப்படி வீட்டின் உரிமையாளர் மட்டுமே' என்று எழுதினேன்.

"அப்புறம், சம்மதிக்கறேன், ஆனா இன்னின்னது பண்ணக் கூடாதுன்னு அவர் நிபந்தனை போட்டா?"

ஆகா! இது எனக்குத் தோன்றவே இல்லையே! அவர் ஒன்றா போடுவார், ஒன்பது போடுவார். 'உரிமையாளர் விதிக்கும் நிபந்தனைகள் அனுமதியின் பகுதியாகும். மீறினால் அனுமதி ரத்து' என்று சேர்த்தேன்.

"இப்ப எப்படி?"

"கச்சிதம்" என்றாள்.

அவள் வாயில் அந்தச் சொல் வந்தால் துணி யாருக்கோ அளவெடுத்து வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் மனைவிக்கு என் வேலையில் இவ்வளவு ஈடுபாடா என்று நெஞ்சு நிறைந்துபோனது.

வரைவை ஆபீஸ் வாசலில் ஒட்டினோம். ஆட்சேபணை சொல்ல முப்பது நாள். தினமும் காலையில் நானே பெட்டியைத் திறந்து பார்த்தேன். செருப்புக் கடைக்காரர் மனு கொடுத்தார். பல் டாக்டர் கொடுத்தார். என் மனைவி கொடுக்கவில்லை. அதைவிட அதிசயம், ஆட்சேபணையாரும் கொடுக்கவில்லை. மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ என்று மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரித்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. புதுப் பல்செட் கட்டியிருப்பார், அதைக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு ரேடியோவைத் திருகினேன்.

விதிகளை நிறைவேற்றும் நாள் வந்தது. மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் என் மனைவி, மடியில் துணிப்பை. ஏழாவது விதியை நானே எழுந்து படித்தேன்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் தலைவி அம்மாள்.

கூடமே திரும்பி அவரைப் பார்த்தது. ஆட்சேபணையார் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்லை."

"என்ன சொன்னீங்க?"

"ஆட்சேபணை இல்லைன்னு சொன்னேன்."

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். விதி நிறைவேறியது. தன் கையில் இவ்வளவு அதிகாரம் வருகிறதே என்று கிழவர் குளிர்ந்துவிட்டார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, காலைச் சுவர் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தேன். முழு ஆகாயமும் என்னுடையதாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணி. கவுண்டரைத் திறந்தேன். முதல் ஆள் ஆட்சேபணையார்.

"என்ன சார், மனுவா?"

"விண்ணப்பம். என் மாடியில சோலார் போடணும்."

"உங்களுக்கா?"

"ஏன், என் வீட்டு மேல வெயில் அடிக்கலையா?"

"அடுத்த வீட்டுச் சம்மதம் வேணுமே சார், பத்திரப்படி உரிமையாளர்..." என்று சொல்லிக்கொண்டே இணைப்பைப் புரட்டினேன். சம்மதக் கடிதம் இருந்தது. கீழே கையெழுத்தும் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. கல்யாணப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது.

எங்கள் வீடு என் மாமனார் மகள் பேருக்கு எழுதி வைத்தது. நான் அதில் குடியிருப்பவன். அது மட்டுமா? எனக்கு அவர் பக்கத்து வீடு என்றால் அவருக்கு நாங்கள்தானே பக்கத்து வீடு! ஊருக்கெல்லாம் எல்லை அளந்து கொடுத்தவனுக்கு இந்த ஒன்று தோன்றவில்லை பாருங்கள்.

"அடுத்தது யாருங்க?" என்றேன்.

அடுத்தது அவள்தான். துணிப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். கூடவே ஆட்சேபணையாரின் சம்மதம்.

"நீ எனக்கு, நான் உனக்குன்னு மாத்திக்கிட்டோம். நீங்க வரைவு படிச்சீங்களே, அதுக்கு மறுநாளே" என்றாள்.

"நிபந்தனை ஏதாவது போட்டிருக்கணுமே!" கடைசியாக ஒரு நம்பிக்கையோடு தாளைத் திருப்பினேன். இருந்தது. ஒன்றே ஒன்று.

'விண்ணப்பதாரரின் கணவர் மாலை ஆறு மணிக்கு மேல் மாடி ஏறலாகாது. ரேடியோவுக்கும் இது பொருந்தும்.'

"சார், இது நீங்க எழுதினதா?"

"எண்ணம் என்னோடது. வாசகம் அம்மாவோடது" என்றார் ஆட்சேபணையார். "எவ்வளவு அழகா எழுதறாங்க! வீட்டுல யாராவது எழுத்தர் இருக்காங்களோ?"

"இதை எப்படி நான்... பரிசீலனை பண்ணணும்... மேலிடத்துல கேட்கணும்..."

"என்னங்க" என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக. "விதிப்படி எல்லாம் சரியா இருக்கா, இல்லையா? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. பெண்டாட்டிங்கறதுக்காக இழுத்தடிச்சா ஊர் சிரிக்காதா?"

முத்திரையை எடுத்தேன். என் கையாலேயே குத்தினேன். மை நன்றாகவே பதிந்தது.

இப்போது மத்தியானம் இரண்டு மணிக்கும் மூன்று மிஷினும் ஓடுகின்றன. இரண்டாயிரம் சட்டையும் ஒரு வாரம் முன்னதாகவே முடிந்தது. மூன்று பள்ளிக்கூடத்தோடு நாலாவதும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் முன்னறையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறேன். ஏறிப் பார்க்கலாம் என்றால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தே இருக்கிறது. இப்போதெல்லாம் அவர் அதைச் சாத்துவதே இல்லை.

நான் சோர்ந்துவிடுகிற ஆளா? விதியை எழுதத் தெரிந்தவனுக்குத் திருத்தவும் தெரியும். ஏழாவது விதியில் நிபந்தனை என்ற சொல்லையே எடுத்துவிட்டு ஒரு திருத்தம் எழுதினேன். இந்த முறை வீட்டில் வைத்துப் படிக்கவில்லை. ஆபீஸிலேயே, வாயை மூடிக்கொண்டு படித்தேன். நேராகத் தலைவி அம்மாளிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஏழாவது விதிக்கா திருத்தம்?" என்று தாளை அப்படியே என் பக்கம் தள்ளினார். "அதெல்லாம் வேண்டாம்ங்க. எங்க வீட்டுக்காரர் மாடியை விட்டு இறங்கி ரெண்டு நாள்தான் ஆகுது. எங்க மாடிக்கும் நிபந்தனையை உங்க வீட்டம்மாதான் எழுதிக் குடுத்தாங்க. அந்த வாசகத்தை விண்ணப்பப் படிவத்துலயே அச்சடிக்க ஏற்பாடு பண்ணுங்க."