ஒரு டெஸ்டுக்கு ஒரு ரீடிங்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு வெள்ளைச் சட்டையும் நின்றுகொண்டிருந்தன. உள்ளே ஆளைக் காணோம்.

"ஏந் தம்பி, எங்க ஊட்டுக்காரரு எங்கே?" என்று கேட்டாள் நாச்சியம்மாள்.

காந்திபுரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் உமர் பாரூக் திரைக்கு அருகே குனிந்து, சட்டைக் காலருக்கு மேலே விரலை வைத்தான்.

"இங்க கருப்பா ஒண்ணு இருக்குதுங்களே, இதாங்கம்மா ஐயா."

"காலையில வாசல்ல நிக்க வெச்சுத்தான எடுத்தேன். பிளாஷும் பளிச்சுன்னு அடிச்சுது கண்ணு."

"வேட்டிக்கு நல்லாத்தான் அடிச்சிருக்குதுங்க."

நாச்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணபதியிலிருந்து டவுன் பஸ்ஸில், பிளாப்பியை மடியில் வைத்துப் பிடித்தபடி வந்திருந்தாள். அந்த பிளாப்பிக்குள் தன் வீட்டுக்காரரின் முகம் இருக்கிறது, அது இன்றைக்கே அமெரிக்கா போய்விடும் என்று நம்பி வந்தவளுக்கு, வேட்டியை மட்டும் அனுப்பி வைக்க மனம் வருமா?

"பரவாயில்லை, இதையே அனுப்பி உடு. அப்பா நிக்கிற தோரணையாச்சும் தெரியட்டும்" என்றாள்.

தோரணைக்குக் குறைச்சலே இல்லை. அவள் வீட்டுக்காரர் சென்னிமலை, கோயமுத்தூர் கணபதிப் பக்கம் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். போர்டில் 'கதிர் பம்ப்ஸ்' என்று எழுதியிருக்கும். ஒரே மகன் கதிர்வேல் என்ஜினீயரிங் முடித்ததும் பட்டறையில் வந்து உட்காருவான் என்று அவனுக்கு ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தார். பையனோ, இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது பேங்க் கம்ப்யூட்டர்கள் குழம்பிப்போகாமல் பார்த்துக்கொள்கிற வேலைக்கு அமெரிக்கா போகிறேன் என்றான். கிளம்புகிற அன்று சென்னிமலை, "போறவன் போ. ஆனா இனி நீ எம்மூஞ்சியைப் பாக்க வேண்டாம்" என்று சொல்லிப்போட்டார்.

சொன்ன சொல்லை மாற்றுகிற பரம்பரை இல்லை அவருடையது. அமெரிக்காவிலிருந்து போன் மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். வெளியே என்றால் ஜன்னலுக்கு நேர் வெளியே. அங்கே நின்று, ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாச்சியம்மாள் போனை வைத்த பிறகுதான் முருங்கை மரத்தில் வேலை முடியும். பட்டறை போர்டை ஏன் மாற்றவில்லை என்று யாராவது கேட்டால், "நல்ல பெயிண்டர் கிடைக்கலீங்க" என்பார். கோயமுத்தூரில் பெயிண்டருக்குப் பஞ்சம்!

நாச்சியம்மாளுக்கு மகனைப் பார்க்க வேண்டும் என்று ஏக்கம். அதைவிடப் பெரிய ஏக்கம், மகன் தன் அப்பனைப் பார்க்க வேண்டும் என்பது. ஆனால் வீட்டில் யார் கேமராவைத் தூக்கினாலும், "அவனுக்கு அனுப்பத்தானே?" என்று சென்னிமலை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்போதுதான் கதிர் ஒரு வேலை செய்தான். உடன் தங்கியிருந்தவனிடம் பிளாப்பி போட்டுப் படமெடுக்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றை இரவல் வாங்கி, விடுமுறைக்கு ஊருக்கு வந்த நண்பன் சீனிவாசலு கையில் கொடுத்து அனுப்பினான். போனில் அம்மாவுக்குப் பாடம் நடந்தது.

"அம்மா, எங்க கம்பெனியில கேமரா டெஸ்டு பண்றோம்னு அப்பாகிட்டச் சொல்லுங்க. வேற வேற வெளிச்சத்துல பிளாஷ் சரியா அளந்து அடிக்குதான்னு பாக்கணும், அதுக்கு ஒரு மனுச முகம் வேணும்னு சொல்லுங்க."

"நீ பாக்கறது பேங்க் வேலையாச்சே?"

"அதெல்லாம் அப்பா எங்கம்மா ஞாபகம் வெச்சிருக்கப் போறாரு? டெஸ்டுன்னு சொல்லிப் பாருங்க. மாட்டேங்க மாட்டாரு."

மகன் அப்பனை அளந்துதான் வைத்திருந்தான். சென்னிமலைக்கு முருகனுக்கு அடுத்தபடி டெஸ்டிங். லோ வோல்டேஜில் ஒரு தடவை, ஹை வோல்டேஜில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் அவருடைய பட்டறையிலிருந்து ஒரு மோட்டாரும் வெளியே போனதில்லை. நாச்சியம்மாள் விஷயத்தைச் சொன்னதும் அவர் மீசையைத் தடவினார்.

"முகம் யாரோடதா இருந்தாலும் ஆகுமா?"

"வயசான ஆம்பளை முகந்தான் வேணுமாமுங்க."

"எனக்கென்ன வயசாயிப்போச்சு?"

"அதுக்கில்லீங்க. மீசை இருந்தா நல்லதாமா."

"சரி, நிக்கறேன். கம்பெனிக்காக நிக்கறேன். அவனுக்காக இல்லை. புரிஞ்சுதா அம்மணி?"

"புரிஞ்சுதுங்க."

"அப்புறம், டெஸ்டுன்னா அதுக்கொரு முறை இருக்குது. ஒரு டெஸ்டுக்கு ஒரு ரீடிங்தான். சரியா வரலைன்னு அன்னைக்கே மறுக்கா எடுத்தா அதுக்குப் பேரு டெஸ்டு இல்லை, பித்தலாட்டம். எடுக்கறதுக்கு முன்னால மெஷினை நான் ஒருக்கா செக் பண்ணோணும்."

ஒத்துக்கொண்டதே பெரிது என்று அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேமராவுக்கு நல்ல பேட்டரி செல்லாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்று அன்றைக்கே அவர் காந்திபுரம் போனார். ஒரு செல் வாங்க இத்தனை நேரமா என்று அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகுதான் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் மீசையைக் கத்தரித்து, பவுடர் போட்டு, புது வேட்டி கட்டி வாசலில் வந்து நின்றார். அப்படி எடுத்த படம்தான் மேலே சொன்ன வேட்டி.

அதற்கு மகனிடமிருந்து பதில் வந்தது. உமர் பாரூக் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததை, இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை, நாச்சியம்மாள் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கம்பெனி என்ன சொல்லுது?" என்று டி.வி.யைப் பார்த்தபடி கேட்டார் சென்னிமலை. டி.வி. போடவில்லை.

"சட்டை ரொம்ப வெள்ளையாம். அதுல கேமரா ஏமாந்துபோயி வெளிச்சத்தைக் கொறைச்சுப்போடுச்சாம். அடுத்ததுக்குக் கலர் சட்டை போடச் சொல்லுது."

"அப்புறம்?"

"டெஸ்டுக்கு நிக்கற ஆளு இளைச்சாப்பல தெரியுதாம். பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறாரான்னு கேட்டிருக்குது. போடலீன்னா ரீடிங் மாறுமாம்."

சென்னிமலை எழுந்துபோய், பத்து நாளாக அலமாரியில் கிடந்த மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"டெஸ்டுன்னா ஒழுங்கா நடக்கோணுமில்ல" என்றார்.

கலர் சட்டைக்கு எங்கே போவது? அவருக்கு இருப்பதெல்லாம் வெள்ளை. கல்யாணத்துக்கு வெள்ளை, கருமாதிக்கு வெள்ளை, பட்டறைக்குப் பழைய வெள்ளை. நாச்சியம்மாள் யோசித்து, பீரோவின் அடித்தட்டிலிருந்து கதிர் காலேஜில் போட்ட நீலச் சட்டையை எடுத்து, பயந்துகொண்டே நீட்டினாள்.

அவர் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். திட்டவில்லை. கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, டியூப்லைட்டுக்குக் கீழே போய் விறைப்பாக நின்றார். வயிற்றுப் பக்கம் பொத்தான்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

"எடு" என்றார்.

மறுநாள் திரையில் நீலச் சட்டை அருமையாக வந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

"ஐயா சாமியாயிட்டாருங்கம்மா" என்றான் உமர் பாரூக்.

"நேத்து கருப்பு, இன்னைக்கு வெளுப்பா? இது என்ன தம்பி கேமரா?"

உமர் பாரூக் ஏதோ சொல்ல வந்து, இருமிவிட்டு, மெயிலை அனுப்பினான்.

கதிரின் பதில் வழக்கத்தைவிட நீளமாக வந்தது. அதில் முதல் வரி, "அந்தச் சட்டை எனக்குத் தெரியும்." அதை நாச்சியம்மாள் சத்தமாகப் படிக்கவில்லை. அடுத்த வரிக்குத் தாண்டினாள்.

"டியூப்லைட்டை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுதுங்க. குண்டு பல்புல ஒண்ணு எடுக்கோணுமாம். முருங்கை இன்னும் காய்க்குதான்னு கேட்டிருக்குது."

"முருங்கை காய்ச்சா கம்பெனிக்கென்ன?"

"மரம் வெளிச்சத்தை மறைக்குமான்னு பாப்பாங்களாட்ட இருக்குதுங்க."

"காய்க்குதுன்னு எழுது. நல்லாக் காய்க்குதுன்னு எழுது. கம்பெனிக்கு."

நீலச் சட்டையை அவர் அன்றைக்கும் கழற்றவில்லை. ஏன் என்றால், டெஸ்டு இன்னும் முடியவில்லையே என்றார்.

குண்டு பல்பில் எடுத்த படத்தில் அவர் முழுவதும் இருட்டுக்குள் போய், பல்பு மட்டும் வந்தது. பிளாஷுக்கு மேலே மெல்லிய துணி கட்டினால் வெளுக்காது என்று கதிர் எழுதினான், கட்டினாள், சட்டையின் நூல் இழை முதற்கொண்டு தெரிந்தது, ஆளைத் தெரியவில்லை. கொடுமுடிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுப் படித்துறையில் வைத்து எடுத்தாள். காவிரி அழகாக வந்தது. சென்னிமலை பனிமூட்டம் மாதிரி வந்தார். ஒவ்வொரு காலையும் அவர் மட்டும் சலிக்காமல் கேமராவை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பி செக் பண்ணினார். ஒவ்வொரு சாயந்திரமும், "கம்பெனி என்ன சொல்லுது?" என்று கேட்டார். கம்பெனியும் சளைக்கவில்லை. டெஸ்டுக்கு நிற்கிறவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, பட்டறை மோட்டார் சத்தம் இன்னும் காலையில் தெருவை எழுப்புகிறதா என்றெல்லாம் கேட்டு எழுதியது.

நாச்சியம்மாளுக்குத்தான் தூக்கம் போனது. சீனிவாசலுவின் லீவு முடிகிறது. நாளைக்குக் கேமராவை வாங்கிப் போக வருகிறான். இத்தனை வெளிச்சத்திலும் அகப்படாத முகம் இனி எப்போது அகப்படும்? அங்கே ஒருவன் தினமும் மெயிலைத் திறந்து அப்பன் முகத்தைத் தேடுகிறான். அவனுக்குச் சட்டையும் பல்பும் காவிரியும்தான் கிடைக்கின்றன.

முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று முடிவு செய்தாள். அவர் செக் பண்ணுவதற்கு முன்பே கேமராவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள். சென்னிமலை தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குனிந்து, ஓடுகிற பம்ப்பின் ஓஸ் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க!"

அவர் நிமிர்ந்தார். நேராக அவளைப் பார்த்தார். அவள் அமுக்கினாள். பிளாஷ் அடித்தது.

மோட்டார்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து சென்னிமலை துள்ளினார். கையிலிருந்த ஓஸ் விடுபட்டுத் தலையெடுத்து ஆடியது. தண்ணீர் நாச்சியம்மாளின் முகத்தில் பீறிட்டது. கேமரா அவள் கையிலிருந்து நழுவி, சத்தமே இல்லாமல் தொட்டிக்குள் போனது.

அவள் கத்துவதற்குள் சென்னிமலை வேட்டியோடு தொட்டியில் குதித்துவிட்டார். முங்கி எழுந்து கேமராவைத் தூக்கினார். அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. துண்டால் துடைத்தார், குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார். பிறகு மகனுக்காக வாங்கிப் போட்ட நாற்காலியில், ஈரத்தோடு, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தவங்க சாமானாச்சுங்களே" என்று அழுதாள் அவள்.

"அதுக்கில்ல அம்மணி" என்றார். பிளாப்பியை மட்டும் உருவி அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனார்.

பிளாப்பியை வெயிலில் உலர்த்தி, முந்தானையில் முடிந்துகொண்டு, சாயந்திரம் அவள் காந்திபுரம் போனாள். உமர் பாரூக் போட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் கறகறவென்று இரைந்துவிட்டு ஓய்ந்தது.

"ஒண்ணுமே இல்லீங்கம்மா. போயிருச்சுங்க."

அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அங்கேயே அழுதாள்.

"இன்னைக்கு நேராப் பாத்தாரு தம்பி. எம்பையன் சாடை அப்படியே இருந்துச்சு. இத்தனை படத்துல ஒண்ணே ஒண்ணு நல்லா வந்திருந்தா அவன் அவங்கப்பன் மூஞ்சியைப் பாத்திருப்பானே! அந்தப் பாழாப்போன கேமராவுக்கு என்ன கேடு?"

உமர் பாரூக் தண்ணீர் கொடுத்தான். தலையைச் சொறிந்தான்.

"ஐயா மத்தியானம் வந்திருந்தாருங்கம்மா."

"இங்கேயா? எதுக்கு?"

"கம்பெனியில டெஸ்டு பண்ண வேற சாமான் ஏதாச்சும் இருக்குமான்னு பையனுக்கு மெயில் போட்டுக் கேக்கச் சொன்னாருங்க."

"பையன் கம்பெனியில ஏது தம்பி டெஸ்டு? அது நாங்க சொன்ன பொய்யாச்சே!"

"அது ஐயாவுக்கு மொதல் நாளே தெரியுமுங்கம்மா. செல்லு வாங்க வந்த அன்னைக்கே இங்க வந்து, படத்தைக் கருக்க வெக்கற பட்டன் எது, வெளுக்க வெக்கற பட்டன் எதுன்னு கேட்டுப் படிச்சுட்டுப் போனாரு. நல்லா வந்துட்டா டெஸ்டு முடிஞ்சுபோகும் தம்பி, அப்புறம் எம்பையன் எதுக்குத் தினமும் எழுதப்போறான்னாருங்க."