லால்பேட்டை வழியாக ஷாங்காய்

நான் பூகோள வாத்தியார். பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வருகிறவன் முதலில் தொழிலைச் சொல்லிவிடுவதுதானே முறை. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பூமி சுழல்வது, நேர மண்டலம், சர்வதேசத் தேதிக் கோடு, தேதி எப்போது மாறுகிறது என்பது எல்லாவற்றையும் வருடம் தவறாமல் நடத்தியவன். (கடைசியாகச் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

2009 மே மாதம். என் மனைவி வசந்தாவின் தம்பி செந்தில் ஷாங்காயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் அங்கே வேலை முடிந்து நேராகக் கனடாவுக்கு மாற்றல். அதற்குப் பிறகு எப்போது பார்ப்போம் என்று அவனுக்கே தெரியாது. "அக்கா, நீயும் மாமாவும் ஒரு மூணு நாளு வந்துட்டுப் போங்க, ஊரச் சுத்திக் காட்டறேன்" என்று டிக்கெட்டைப் போட்டு மெயிலில் அனுப்பிவிட்டான். வசந்தா அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

ஊரைச் சுற்றிக் காட்ட அங்கே மூன்று வருடம் இருந்தவன் தயாராக இருக்கிறான். நான் சும்மா போய் இறங்கியிருக்கலாம். ஆனால் பூகோள வாத்தியார் ஒருத்தர் மச்சானிடம் வழி கேட்பதா? செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினோரு பக்கத்துக்குத் திட்டம் தயாரித்தேன். கலர் பிரிண்ட் விலை ஜாஸ்தி என்பதால் ஷாங்காய் வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். ஊருக்கு நடுவே வளைந்து வளைந்து ஓர் அகலமான சாம்பல் நிறச் சாலை போனது. அதன் இந்தப் பக்கம் பழைய கட்டடங்கள், அந்தப் பக்கம் உயரமான கோபுரம். 'சாலையைக் கடக்க: ஐந்து நிமிடம்' என்று எழுதினேன். 'காலை 8.10 முதல் 8.25 வரை: இட்லி (?)' என்றும் எழுதினேன்.

வசந்தா பதினோரு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள்.

"இதுல செந்திலு எங்கங்க?"

ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். 'இரவு 9.00 முதல் 9.30 வரை: செந்திலோடு பேச.'

"மூணு வருஷம் கழிச்சிப் பாக்கறேன். அர மணி நேரமா?"

"மறுநாளும் அர மணி நேரம் போட்டிருக்கேன் பாரு" என்றேன். அப்படிச் சொன்னவனை அவள் உயிரோடு விட்டாள் என்பதே இன்றும் எனக்கு ஆச்சரியம்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வழியனுப்ப என் மாமனார் சிதம்பரத்திலிருந்து பஞ்சாங்கத்தோடு வந்து இறங்கினார். டிக்கெட்டில் செவ்வாய்க்கிழமை 00.20 என்று போட்டிருந்ததை, "செவ்வாக்கெழம ராத்திரி பன்னண்டு இருபதுக்கு ஃப்ளைட்டு மாமா, மத்தியானம் வீட்ட வுட்டுக் கிளம்பறோம்" என்று அவருக்கு விளக்கினேன். அவர் முகம் மாறியது.

"மாப்ள, செவ்வாக்கெழம வடக்க சூலம், அந்தத் தெசையில பயணம் ஆவாது. சென்னை வடக்கதான இருக்கு?"

"பால் குடிச்சிட்டுக் கிளம்புனா பரிகாரம்னு சொல்லுவாங்களே மாமா?"

"பாலக் குடிச்சிட்டுப் பாண்டி வரைக்கும் போலாம். சைனாவுக்குப் பத்துமா?"

அதற்கு அவரே வழியும் சொன்னார். பரஸ்தானம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. போகும்போது எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, பை திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வடக்குப் பக்கத்து வீட்டு காதர் பாயிடம் பையைக் கொடுத்தேன். பாய் லால்பேட்டைக்காரர், கடலூரில் துணிக்கடை வைத்திருந்தார், தங்கமான மனுஷர். பைக்குள் என்ன வைப்பது என்பதில்தான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. எது நிஜமாகப் பயணம் போக வேண்டுமோ அதுதான் போக வேண்டும் என்று இரண்டு பாஸ்போர்ட், டிக்கெட், பதினோரு பக்கத் திட்டம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டேன். "பாஸ்போர்ட்டு கையில இருக்கட்டுமேங்க" என்று வசந்தா சொன்னாள். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதன் நன்மைகளைப் பற்றி அவளுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வாடகைக் கார் வந்தது. வசந்தா பட்டுப் புடவை கட்டி, தம்பிக்காக முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போட்டு, பேரீச்சம்பழ நிறத்தில் ஒரு ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டாள். நான் பையை வாங்க பாய் வீட்டுக்குப் போனேன். கதவில் இவ்வளவு பெரிய பூட்டு.

செல்லில் கூப்பிட்டேன். மணி அடித்தது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அடித்தது.

ஓடி வந்து சொன்னதும், ஈசிசேரில் கண்ணயர்ந்திருந்த மாமனார் எழுந்து நிதானமாகச் சொன்னார்.

"பாய் காலையிலயே பையக் கொண்டாந்தாரே. லால்பேட்டையில அவுங்க மச்சான் வூட்டு நிக்காஹ்வாம். நான்தான், பரஸ்தானம் வெச்சது உள்ள வரக் கூடாதுன்னு வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவன்னாரு."

"எங்க வெச்சிட்டுப் போனாராம்?"

"கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு."

அந்த நேரத்தில் நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்பீர்கள். பிரவுசிங் சென்டருக்கு, திட்டத்தை இன்னொரு பிரதி பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன்.

லால்பேட்டை என்பது கடலூரிலிருந்து தெற்கே, சிதம்பரமும் தாண்டி, காட்டுமன்னார்கோயில் பக்கம். சென்னைக்கு நேர் எதிர்த் திசை. டிரைவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "சார், ஏர்போர்ட்டுன்னு சொன்னீங்க?" "ஏர்போர்ட்டுதான். லால்பேட்டை வழியா" என்றேன். மாமனாரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கணக்குப் போட்டேன். இரண்டரைக்குப் பையை வாங்கினாலும் ஒன்பது மணிக்குள் சென்னை போய்விடலாம். நேரம் தாராளமாக இருந்தது. அதைச் சொன்னேன். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பி மடியில் அதிரச டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிக்காஹ் வீட்டில் பந்தல் நிறைய ஆட்கள். நடுவே காதர் பாய், பட்டுச் சட்டை போட்டு அத்தர் மணக்க, தோளில் எங்கள் பையை மாட்டிக்கொண்டே பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி ஓடி வந்தார்.

"சார், அமானிதமாச்சே. நம்பிக் கொடுத்த பொருளப் பூட்டுன வூட்ல தனியா வுட்டுட்டு வர மனசு கேக்கல. உள்ளயும் வாங்க மாட்டன்னுட்டாங்க. காலையிலேருந்து தோள வுட்டு எறக்கல சார். ராத்திரிதான ஃப்ளைட்டு, நாலு மணிக்குள்ள கொண்டாந்துடலாம்னு இருந்தேன்."

அவரை என்ன சொல்வது? பையை வாங்கித் திறந்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து வசந்தாவின் செல் அடித்தது. செந்தில். அவன் பேசியது எனக்கே கேட்டது.

"அக்கா, நான் ஏர்போர்ட்லதான் ரெண்டு மணி நேரமா நிக்கறேன். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நீங்க எங்க நிக்கறீங்க?"

வசந்தா என்னைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள்.

"லால்பேட்டையில நிக்கறோம்டா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்களே இன்னும் கிளம்பவில்லை, இவன் எதற்கு இப்போதே விமான நிலையத்தில் நிற்கிறான்? டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய், 00.20. நள்ளிரவு பன்னிரண்டுக்கே மறுநாள் பிறந்துவிடும் என்று இதே வாயால் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியில் மார்க்கைக் குறைத்திருப்பேன். செவ்வாய் 00.20 என்றால் திங்கட்கிழமை ராத்திரி. எங்கள் விமானம், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதே போய்விட்டது.

மாமனார் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"பஞ்சாங்கத்துல விடிஞ்சாதான் மறுநாளு. அப்ப இது திங்கக்கெழம கணக்கு. திங்கக்கெழம வடக்க சூலமே கெடையாதே மாப்ள." டிக்கெட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பை சரியாத்தான் கெளம்பியிருக்கு. நீங்கதான் கெளம்பல."

வசந்தா அழுதாள். சத்தமில்லாமல், அதிரச டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பாய் வீட்டம்மா அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. விமானம் போனதுகூடப் பெரிதில்லை, அந்த அரை மணி நேரம் போட்டேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது. பாய் விடாமல் இழுத்துப் போய் உட்கார வைத்தார். ஷாங்காய்க்கென்று தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு லால்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டேன். (மனசு ஒடிந்திருந்தது. ஆனாலும் இரண்டாம் முறை வாங்கினேன்.)

மறு டிக்கெட் கிடைக்கவில்லை. எங்களுக்காக லீவு போட்டிருந்த செந்தில், "திட்டத்த மெயில்ல அனுப்புங்க மாமா" என்றான். பதினோரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். மூன்று நாளும் அவன் தனியாக அந்த இடங்களுக்கெல்லாம் போனான். ஒவ்வொரு இடத்திலிருந்தும் அக்காவுக்குப் போன் செய்தான். வசந்தா சமையலை விட்டுவிட்டு மணிக்கணக்கில் பேசினாள். இரண்டாம் நாள் மட்டும் என்னைக் கூப்பிடச் சொன்னான்.

"மாமா, சாலையைக் கடக்க அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்களே, அங்கதான் நிக்கறேன். அது ஆறு மாமா. கப்பல் போவுது."

அதன் பிறகு செந்திலை வசந்தா நேரில் பார்க்க நான்கு வருடம் ஆனது. கனடாவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, நான் வந்துட்டேன். நீங்க எங்க நிக்கறீங்க?"

அடுப்படியிலிருந்து வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லால்பேட்டையில" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். அன்று அவர்கள் காலை எட்டு மணிக்குப் பேச உட்கார்ந்தவர்கள், எழுந்தபோது ராத்திரி ஒன்பதரை. நான் காபி போட்டுக் கொடுத்ததோடு சரி, கடிகாரம் பக்கமே திரும்பவில்லை.