ஆவரேஜ் பாயும் மழையில் இறங்கிய ஓபனரும்

ஐம்பதுக்கு மேல் சராசரி வைத்திருக்கும் எந்த டெஸ்ட் பேட்ஸ்மேனும் ஓமானின் சலாலாவில் ஆவரேஜ் பாயின் துணிக்கடையிலிருந்து மானத்தோடு வெளியே வந்ததில்லை. நாற்பதுக்குப் பக்கத்தில் நின்றுபோனவர்களுக்கோ அங்கே ராஜமரியாதை.

பாய் கீழக்கரைக்காரர். உண்மைப் பெயர் கடை லைசென்ஸில் மட்டும் இருந்தது. துணி வெட்டும்போது கேட்ட அளவுக்கு மேல் நாலு விரல் விட்டுத்தான் வெட்டுவார். "தண்ணி பட்டா சுருங்கும்ல தம்பி, அதுக்கு நாமதானே விடணும்?" என்பார். இதே கொள்கையைக் கிரிக்கெட்டுக்கும் கொண்டுபோனதில்தான் எங்கள் நிம்மதி போயிற்று.

புதுப் பந்தை எதிர்கொண்ட ஓபனருக்கு நாலு விரல். சொத்தை டீமில் ஒற்றை ஆளாக நின்றவனுக்கு நாலு விரல். முழங்கால் போன பிறகும், டீமுக்கு வேறு ஆள் இல்லையே என்று ஆடி ஆடிச் சராசரியைக் கெடுத்துக்கொண்டவனுக்கு ஒரு சாணே விடுவார். சொந்த ஊரின் தார்ரோடு மாதிரியான பிச்சில் ஐந்தாவதாக இறங்கி, நாட் அவுட்டாகவே நின்று ஐம்பதைத் தாண்டியவன் மட்டும் அவருக்கு ஜென்ம விரோதி.

என் மனைவி ஒருமுறை அங்கே பிளவுஸ் பிட் வாங்கப் போனாள். "லைனிங் இருக்கா பாய்?" என்று கேட்டிருக்கிறாள்.

"இருக்கும்மா. நாட் அவுட்டையெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா அந்த அம்பது எவ்வளவு ஆகும்னு நெனக்கிறீங்க?"

பிளவுஸ் பிட்டை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். ரசம் கொதிக்கும்போது, "பாவங்க அந்த ஓபனருங்க" என்று பெருமூச்சு வேறு.

பேங்க் அதிகாரி ஒருவர், விவரம் தெரியாமல், "நம்பர்னா நம்பர்தான் பாய்" என்று சொல்லிவிட்டார். அது கரீஃப் பருவம். கடலோரமெல்லாம் விடாமல் சாரல் தூறும் மாதங்கள். பாய் கடை ஷட்டரை இறக்கினார். பின்பக்கம் நனைந்து கிடந்த சிமெண்ட் தரையில் அதிகாரியின் கையில் மட்டையைக் கொடுத்து, டென்னிஸ் பந்தைத் தானே வீசினார். முதல் பந்து வழுக்கிக்கொண்டு கால்களுக்கு நடுவே ஓடியது. இரண்டாவது எகிறிக் காதைப் பதம் பார்த்தது.

"இப்ப சொல்லுங்க சார், நம்பர் நம்பர்தானா?"

இல்லவே இல்லை என்றார் அதிகாரி, காதைப் பொத்திக்கொண்டே.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் முன்வரிசைதான், என் வேலைக்கே ஆபத்து வரும்வரை.

நான் இருந்தது சாலை போடும் கம்பெனி. ஒரு வருஷம் அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று மார்க் எடுக்காதவர்களுக்கெல்லாம் வேலை கலாஸ், ஊருக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். எனக்கு வந்தது இரண்டரை. கரீஃப் முழுக்க என் தலையில் விழுந்திருந்தது மலையடிவார சைட். லாரிகள் சேற்றில் புதைந்தன, வேலை தள்ளிக்கொண்டே போனது. மலைக்கு அந்தப் பக்கம், ஒரு சொட்டு விழாத பாலைவனத்தில் சைட் பார்த்தவன் நாலரை வாங்கினான். மகள் பத்தாம் வகுப்புப் பாதியில் இருந்தாள். என் விசா போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விஷயம் பாய் காதுக்குப் போயிற்று. மறுநாள் காலை, வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில், கழுத்தில் அளவு டேப்போடு எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தார்.

"பாய், வேணாம் பாய்" என்று கெஞ்சினேன்.

"சும்மா வாங்க தம்பி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய்விட்டார்.

மேனேஜர் லாகூர்க்காரர். பாய் பேசிய உருது முக்கால்வாசி தமிழ் என்பதால் தமிழிலேயே தருகிறேன். வெகுநேரம் என்னைப் பற்றிய பேச்சே வரவில்லை. ஓபனர், ஈரப் பிச்சு, சொத்தை டீம், நாட் அவுட் என்றே போனது. மேனேஜரும் சளைக்கவில்லை. தன் நாட்டில் ஒருவர் விரல் உடைந்தும் நின்று ஆடினார், அவரை உலகமே மறந்துவிட்டது என்று மேஜையைத் தட்டினார். சாயா வந்தது.

ஒருவழியாக மேனேஜர் கேட்டார்: "அதெல்லாம் சரி, இதை எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க பாய்?"

பாய் என்னைக் கை காட்டினார். "சாப், இவரை மழையில ஓபனிங் எறக்கிவிட்டது நீங்க. காஞ்ச பிச்சுல ஆடுனவன் மார்க்கோட வச்சு அளந்ததும் நீங்க. நாலு வெரல் விட வேணாமா?"

மேனேஜர் என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாலைவன சைட் தர்றேன். அங்கயும் சொதப்பினா கலாஸ்தான்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போலாம் பாய்" என்றேன். பாய் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீங்க போங்க தம்பி. அம்பதுக்காரனைவிட நம்ம ஓபனர்தான் பெரியவர்னு சாப் இன்னும் ஒத்துக்கலையே."

நண்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழுந்தார். மேனேஜரையும் கூடவே கூட்டிக்கொண்டு, பள்ளிவாசல் வரைக்கும் வாதாடிக்கொண்டே போனார்.

பாலைவன சைட்டில் நான் சொதப்பவில்லை. மகள் பள்ளி முடித்தாள். இப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். சலாலாவை விட்டுக் கிளம்பியபோது பாய் எனக்கு ஒரு சட்டை கொடுத்தார். "சுருங்கும், பெருசாவே தைங்க" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் தலைமேல் நின்று தைத்து வாங்கியது. எத்தனை தோய்த்தும் அது சுருங்கவே இல்லை. இன்னமும் தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. தூக்கிப் போடுங்கள் என்கிறாள் மனைவி. மாட்டேன். ஒவ்வொரு அப்ரைசலுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பக்கத்து நாற்காலியில் பாய் உட்கார்ந்திருப்பது போலத் தைரியமாக இருக்கிறது.