ரிஜெக்ட் அண்ணாச்சியின் காபி அமுக்கி

இந்தப் பூமியில் படைக்கப்பட்ட எந்தப் பொருளும் ரிஜெக்ட் அண்ணாச்சிக்குப் பிடித்ததில்லை. பூமியே அவர் மேஜைக்கு வந்திருந்தாலும், "உருண்டை சரியில்ல, மேலயும் கீழயும் சப்பையா இருக்கு" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

எண்பதுகளில் ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை தரப் பரிசோதனைப் பிரிவில். லேத்திலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தேறாததற்குச் சிவப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். அதை ஆபீசோடு விட்டுவிட்டு வரும் மனிதரா அவர்? சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். மோண்டா மார்க்கெட்டில் அதை எடுத்துக் கத்தரிக்காயின் இடுப்பை அளப்பார். "ஏம் சாரு, பெள்ளி சூபுலா?" என்பாள் காய்க்காரி. பெண் பார்க்க வந்தீர்களா என்று அர்த்தம். ஒரு கத்தரிக்காயும் தேறாமல் வெறும் பையோடு திரும்புவார்.

அவர் மனைவி கோமதியக்கா மட்டும்தான் அவருக்கு ஈடுகொடுக்கிற ஆள்.

"ஏளா, இந்த இட்லி ஒரு பக்கம் உசரமா இருக்கு."

"அந்தப் பக்கத்த மொதல்ல தின்னுங்க. சரியாப் போயிரும்."

இத்தனை வருஷத்தில் தன் சமையலை ஒரு நாள்கூட அவர் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை என்று அக்கா என்னிடம் அடிக்கடி சொல்வார். "என்னை எப்படிப் பாஸ் பண்ணுனாவன்னுதான் தெரியல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டு வந்திருப்பாவளோ என்னமோ!" என்று சிரிப்பார். சிரிப்புதான். ஆனால் உள்ளே கொஞ்சம் வலி இருந்தது எனக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவரைக் கம்பெனி இத்தாலிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அக்கா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அவர் கேட்டு அனுப்பியது ஒரே ஒரு நல்ல கத்தரிக்கோல். அண்ணாச்சி திரும்பி வந்த அன்று பெட்டி திறப்பதைப் பார்க்க பிளாக்கில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆஜர். செண்ட் வருமா, நைலக்ஸ் சேலை வருமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"கத்தரிக்கோல எங்க?" என்றார் அக்கா.

"ஊரு பூரா கடை ஏறி இறங்குனேன். ஒண்ணுலயாவது ரெண்டு அலகும் ஒழுங்கா சேரணுமே! எல்லாம் ரிஜெக்ட்."

இத்தாலி தேசத்துக் கத்தரிக்கோல் அத்தனையையும் கழித்துவிட்டு வந்த மகானுபாவர், பதிலுக்குப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு காபி மெஷினைத் தூக்கி வெளியே வைத்தார். எக்ஸ்பிரஸோவாம். கல்யாண வீட்டில் புஸ்ஸென்று ஆவி விடுமே, அது இல்லை. வீட்டுக்கானது, சின்னது.

"ஏளா, அங்க ஒரு காப்பி குடிச்சேன். குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. சந்தேகமாப் போச்சு, இன்னொண்ணும் குடிச்சுப் பாத்தேன். அதுலயும் இல்ல. இத உனக்குக் குடுக்கணும்னுதான்…"

பாவம், ஆசையாகத்தான் சொன்னார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஓகோ! நான் தெனம் ரெண்டு வேளை போட்டுக் குடுத்தேனே, அதுல எல்லாம் குத்தம். எவளோ இத்தாலிக்காரி போட்டதுல ஒண்ணும் இல்லையாக்கும்? சரி, தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அந்தக் குத்தமில்லாத காப்பி என் கைக்கு வரணும். வரல, பாத்திரக்காரிகிட்ட இதத் தூக்கிப் போட்டு ஒரு இட்லிக் கொப்பரை வாங்கிருவேன்."

கோமதியக்கா சொன்னால் செய்கிறவர். அண்ணாச்சியின் பழைய டிரான்சிஸ்டர் ஏற்கெனவே அப்படித்தான் அண்டாவாக மாறியிருந்தது.

மெஷினுக்கு ஒரு கைப்பிடிக் கிண்ணம். அதில் காபிப் பொடியைப் போட்டு, மேலே சமமாக, கெட்டியாக அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் சுடுதண்ணீர் அதற்குள் புகுந்து சாரத்தோடு இறங்கும். என் வீட்டுக்காரர் பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, அமுக்கறதுக்கு ஒண்ணும் காணோமே?" என்றார்.

"பிளாஸ்டிக்ல ஒரு அமுக்கி குடுத்தான். கிண்ணத்துக்குள்ள லொடலொடன்னு ஆடுச்சு. ரிஜெக்ட் பண்ணி அங்கயே ஓட்டல் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்."

என் வீட்டுக்காரர் பெட்டியை மூடி வைத்தார். அக்கா இட்லிக் கொப்பரை என்ன சைஸில் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த நாளே அமுக்கி வேட்டை ஆரம்பமானது. "அடி கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கணும். ஓரத்துல எடம் விடக்கூடாது, விட்டா தண்ணி அந்த வழியா ஓடிப்போயிரும். கனம் இருக்கணும். கைப்பிடி உள்ளங்கையில வந்து உக்காரணும்" என்று எங்களுக்கு வகுப்பே எடுத்தார். ஃபில்டருக்குள் வைக்கும் குடையைப் போட்டுப் பார்த்தார். இலேசு, ரிஜெக்ட். ஆபீஸ் பேப்பர்வெயிட், கட்டில்கால் குமிழ், இரண்டும் அடி வளைசல், ரிஜெக்ட். ஒருநாள் ஆபீஸின் வட்ட ரப்பர் ஸ்டாம்பாலேயே அமுக்கினார். கச்சிதமாக இருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தால் காபி வில்லையில் 'பாஸ்டு' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது! அண்ணாச்சி கையால் ஒன்று பாஸாகி நாங்கள் பார்த்தது அன்றுதான். அந்தக் காபியைக் குடித்துப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு மட்டும் சாயங்காலம் வரை நாக்கு வயலட்டாக இருந்தது.

பிறகு அம்மிக் குழவியைக் கொண்டுவந்தார். குழவியின் முனையை வைத்து மேலே ஏறி உட்காராத குறையாக அமுக்கினார். அது அக்கா வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த பொடி. தண்ணீர் பட்டதும் சிக்கரி ஊதிக்கொண்டு வழியை அடைத்தது. மெஷின் உறுமியது, உதறியது, படாரென்று கைப்பிடியைக் கழற்றிக் கீழே எறிந்தது. காபி கூரைக்குப் போய்விட்டது. அண்ணாச்சியின் வழுக்கையில் பொடி அப்பிக்கொண்டு, மனிதர் புதுசாக முடி முளைத்தவர் போல நின்றார்.

"தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ளயா வெடி?" என்றார் அக்கா. கூரையில் விழுந்த கறை கடைசிவரை போகவே இல்லை.

அதற்குப் பிறகு சிக்கரி இல்லாத பொடி வந்தது. லாலாகுடாவில் லேத் பட்டறை வைத்திருந்த மஸ்தான் பாயிடம் அமுக்கிக்கு ஆர்டரும் போனது. அலுமினியத்தில் ஒன்று வந்தது, கனம் போதாது. இரும்பில் வந்தது, துருப்பிடிக்கும். பித்தளையில் வந்தது, ஓரம் கிண்ணத்தை உரசியது. மூன்றாவது தடவை அண்ணாச்சி போனபோது மஸ்தான் பாய் கும்பிட்டேவிட்டார்.

"கைக்கு சாப் இத்தா பரேஷான்? காபி பீனா ஹை யா ராக்கெட் உடானா?" ஏன் சார் இத்தனை பாடு, காபி குடிக்கவா ராக்கெட் விடவா என்று கேட்டார்.

"ராக்கெட்னா பரவாயில்ல பாய், போனா போவட்டும்னு விட்டுருவேன். இது வீட்டுல குடுக்கணும்லா!" என்று தமிழிலேயே பதில் சொன்னாராம் அண்ணாச்சி. பாய்க்கு எது புரிந்ததோ, பேசாமல் அதே பித்தளையை இன்னும் ஒரு மயிரிழை கடைந்து கொடுத்தார். கிண்ணத்துக்குள் விட்டால் தள்ளவே வேண்டாம், அதன் கனத்திலேயே மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. கைப்பிடிக்கு அண்ணாச்சி வீடு முழுக்கத் தேடினார். உள்ளங்கைக்குத் தோதாகக் கிடைத்தது சப்பாத்திக் கட்டையின் ஒரு பக்கத்துப் பிடிதான். யாரையும் கேட்காமல் அறுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சப்பாத்தி ஒரு பக்கம் தடியாகவே வந்தது. அதையும் அவரே ரிஜெக்ட் செய்தார்!

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு நாங்கள் அங்கே ஆஜர். அண்ணாச்சி பொடியைப் போட்டார், தட்டிச் சமப்படுத்தினார், அமுக்கியை வைத்து ஒரே அமுக்கு. டிகாக்ஷன் நல்லெண்ணெய் மாதிரி நிதானமாக இறங்கியது. பாலைச் சேர்த்து முதலில் தானே ஒரு மடக்குக் குடித்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி ஒரு மடக்கு. குற்றம் கிடைக்காமல் மனிதர் தவித்ததைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பிறகு புதிதாக ஒரு டம்ளர் போட்டு, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

அக்கா குடித்தார். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரிஜெக்ட்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் தெருவில் சரவெடி வைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "என்ன குத்தம்?" என்றார், பள்ளிக்கூடப் பையன் போல நின்று.

"அத நான் சொல்லணுமாக்கும்? நீங்கதான இன்ஸ்பெக்டர்! நாளைக்குக் காலையில இன்னொண்ணு போட்டுக் கொண்டாங்க. பாப்போம்."

அவர் முகம் தெளிந்தது. கிண்ணத்தைக் கழுவ ஓடினார். நான் அக்காவின் காதருகே போய், "அப்போ இட்லிக் கொப்பரை?" என்றேன்.

"போடி இவளே! அமிர்தமா இருந்துச்சு" என்று கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நாளைக்கு எனக்கு யாரு காப்பி போட்டுத் தருவா?"

அந்த 'நாளைக்கு' இன்னும் முடியவில்லை. ரிட்டயரான பிறகு ஹைதராபாத்திலேயே அல்வால் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். போன மாதம் போயிருந்தேன். மெஷின் இரண்டு தடவை மாறிவிட்டதாம். அமுக்கி அதேதான், சப்பாத்திக்கட்டைப் பிடி கருத்துப் பளபளவென்று இருந்தது. புது மெஷின் வாங்கும்போதெல்லாம் அமுக்கியைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், இதற்குப் பொருந்தாத மெஷினையெல்லாம் கழித்தாராம். அக்காவின் கத்தரிக்கோல்தான் இன்னும் வந்தபாடில்லை. தேடிக்கொண்டிருக்கிறாராம்.

அண்ணாச்சி காபி கொண்டுவந்தார். அக்கா ஒரு மடக்குக் குடித்து உதட்டைப் பிதுக்கினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் குடித்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு நல்ல காபி குடித்ததில்லை.

"கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே அண்ணாச்சி" என்றேன்.

"அப்படியா சொல்லுத?" என்றார். சந்தோஷம் தாங்காமல் அமுக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.