கணக்கு வாத்தியாரின் கொடிக்கயிறு

வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டியபோது, முந்தின நாள் குடிவந்த மனிதர் உள்ளறைக் கதவு நிலையில் பத்து விரல்களால் தொங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இறங்குங்க! அந்த அம்மா வந்துட்டாங்க," என்றாள் மனைவி குரலைத் தாழ்த்தி.

"இன்னும் இருபது எண்ணணும்."

"எண்ணுங்க, எண்ணுங்க. அப்புறம் வாடகையையும் ரெண்டு மடங்கா எண்ணிக் கொடுங்க."

தொப்பென்று குதித்தார். பாறை ஏறுகிறவர்கள் பிடி வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி கை முழுக்க அப்பியிருந்தது. அவசரத்தில் கால்சட்டையில் துடைத்தார். கையும் சுத்தமாகவில்லை, கால்சட்டையும் போயிற்று.

பயத்துக்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அவர். ஊரையே நோகாமல் மேலே ஏற்றிவிட்டவருக்கு, வேலையை விடும் வயதில், தன் கையாலேயே எதன் மீதாவது ஏற வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. மனைவி புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். கல்யாணம் ஆன நாள் முதல் இரும்புப் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் குடித்தனம். அவளுக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஒரு ஜன்னலும் அதன் கீழே ஒரு மேஜையும்தான்.

இரண்டு வருடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பதினோரு ஊர் அலைந்தார்கள். பாறை பக்கத்தில் இருந்தால் வாடகை எட்டவில்லை. வாடகை எட்டினால் பாறை எட்டவில்லை. பன்னிரண்டாவதாக இந்தச் சின்ன ஊர். பாறைக்கு இருபது நிமிட நடை. வாடகையைக் கேட்டதும் மனைவி, "மாசத்துக்கா, வாரத்துக்கா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ஆனால் வீட்டுத் தரகர் பஸ் ஸ்டாண்டிலேயே அவரைத் தனியாக இழுத்துப்போய் எச்சரித்திருந்தார்.

"பையைப் பார்த்தாலே தெரியுது, பாறை ஏற வந்திருக்கீங்க. வாயைத் திறந்துடாதீங்க சார். ஏறுறவங்கன்னு தெரிஞ்சா இந்த ஊர்ல வாடகை ரெண்டு மடங்கு. கணக்கு வாத்தியார்னு சொல்லிடுங்க. கையில வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"எனக்குக் கணக்கு அவ்வளவா வராதே."

"வாத்தியார்னு சொல்லத்தானே சொன்னேன்? கணக்குப் போடவா சொன்னேன்?"

இப்போது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கையெல்லாம் வெள்ளையா இருக்கு?"

"சாக்பீஸ்மா. நான் கணக்கு வாத்தியாரா இருந்தவன். வேலையை விட்டும் பழக்கம் விடலை. வீட்டுல சும்மா எழுதிப் பார்ப்பேன்."

"அப்படியா!" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. மூணு வருஷமா கணக்குக்கு ஆள் கிடைக்காம தவிக்கிறேன். திங்கக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க. ஒரே ஒரு மணி நேரம். கணக்குல தேறாத பிள்ளைங்க முப்பது பேர்தான்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் அவர். தரகர் இதைச் சொல்லவே இல்லையே!

"வருவாரும்மா," என்றாள் மனைவி, வேறு வழி தெரியாமல். பிறகு பேச்சை மாற்ற, "சமையலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கே?" என்றாள்.

"தெரியும்மா. ஊர்ல குழாய்க்காரரே இல்லை. சொல்லி வெச்சிருக்கேன், வருவாங்க."

அந்த அம்மா போனதும் லிஃப்ட் மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். "ஒரு வாஷர் மாத்தினா சரியாயிடும்."

"கணக்கு வாத்தியார் கையில ஸ்பானரா? உள்ள வைங்க. சொட்டட்டும்."

சொட்டியது.

அன்றே எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கி, மனைவியிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். மைனஸ் எண் வந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. வகுப்பில் முப்பது முகங்கள் அவரையே பார்த்தபோது, தெரிந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒரு லிஃப்ட். தரைதான் சைபர். அதுக்குக் கீழே கார் நிறுத்துற மாடிங்க. மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு, மைனஸ் மூணு. மைனஸ் மூணுல ஏறி அஞ்சு மாடி மேலே போனா எங்கே நிப்போம்?"

"ரெண்டாவது மாடி!" என்று கத்தினார்கள். இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் மாயாஜாலமாக இருந்தது. மறு வாரம் முப்பது பேர் நாற்பது பேர் ஆனார்கள். தேறிய பிள்ளைகளும் லிஃப்டில் ஏற வந்துவிட்டார்கள்.

வாத்தியார் என்றால் நல்ல சட்டை வேண்டாமா? கடைத்தெருத் தையல்காரரிடம் தைக்கக் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவரைப் போல் தோள் அகன்ற தையல்காரர், ஊசியில் நூல் கோக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். சட்டை வந்தது. ஒரு கை மணிக்கட்டுக்கு, ஒரு கை முழங்கைக்குச் சற்றுக் கீழே.

"இந்த ஊர்ல எல்லார் சட்டையும் இப்படித்தான்," என்றார் வீட்டுக்கார அம்மா. "பாவம், வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. பழகிடுவார்."

அடுத்த வம்பு கயிற்றால் வந்தது. பாறை ஏறும் கயிறு, அறுபது மீட்டர், நடுவில் ஒரு கறுப்புக் குறி. வாத்தியார் அதைத் துவைத்துக் கொல்லையில் உலர்த்தியிருந்தார்.

"இது என்னம்மா கயிறு?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"துணி காயப்போடற கொடி," என்றாள் மனைவி.

"இவ்வளவு நீளமா? இருக்கிறது ரெண்டு பேர்!"

"எங்க வீட்டுல துணி கொஞ்சம் ஜாஸ்திம்மா."

"நல்லதாப் போச்சு. எனக்கும் கொடி இல்லை. பாதியை எடுத்துக்கறேன்," என்று கத்தியோடு வந்துவிட்டார் அந்த அம்மா. சரியாகக் கறுப்புக் குறியில் கத்தியை வைத்தார்.

"வெட்டாதீங்க!" என்று கணவர் ஓடிவந்து கத்தியதில் கொல்லையே அதிர்ந்தது. தன் குரலைக் கேட்டு அவரே பயந்து, சிரித்தார். "எதுக்கும்மா பாதி? முழுசாவே வெச்சுக்குங்க."

இப்படியாக, ஒரு மாதக் காய்கறிச் செலவை விழுங்கிய கயிறு வீட்டுக்கார அம்மாவின் கொல்லையை நாலு சுற்றுச் சுற்றிப் போர்வைகளைத் தாங்கியது. தினமும் துணி எடுத்துக் கொடுக்கிற சாக்கில் வாத்தியார் அதை அடி முதல் நுனி வரை தடவிப் பார்த்துவிட்டு வந்தார். இவ்வளவு ஒத்தாசையான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கயிறு இல்லாமல் பெரிய பாறைக்குப் போக முடியாது. காலையில் அதன் அடியில் கிடந்த சின்னக் கற்களில் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கினார். ஆனாலும் குறையாக இல்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தபடி பிழை திருத்துவாள். தெருவில் போனால் பிள்ளைகள், "சார், மைனஸ் ஏழுல இருந்து பத்து மாடி!" என்று வம்புக்கு இழுப்பார்கள். இந்த ஊரை விட்டுப் போக நேர்ந்தால் தாங்க முடியாது என்று இருவருக்குமே தோன்ற ஆரம்பித்திருந்தது. அதனாலேயே பயமும் கூடியது.

அப்போதுதான் நிழல் பாடம் வந்தது. ஒரு மீட்டர் குச்சியை நட்டு, அதன் நிழலையும் பெரிய பொருளின் நிழலையும் அளந்தால் பெரிய பொருளின் உயரம் தெரிந்துவிடும்.

"உதாரணத்துக்கு நம்ம பாறை. முப்பது மீட்டர்," என்றார் வாய் தவறி. வீடு பார்க்க வந்தபோதே அதன் உச்சி வரை ஏறிக் கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். கறுப்புக் குறி சொல்லிவைத்தாற்போல் தரையைத் தொட்டது.

"எப்படி சார் தெரியும்?" என்றாள் முதல் வரிசைச் சிறுமி. வகுப்பில் அவளுக்கு எதிர்க்கேள்வி என்று பட்டப்பெயர்.

"நிழலை அளந்தேன்."

"அருமை!" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. தலைமை ஆசிரியை. "சனிக்கிழமை எல்லாருமாப் போய் அளந்துடலாம் சார்."

சனிக்கிழமை பாதி ஊர் பாறையடியில் கூடிவிட்டது. குச்சி நட்டார்கள், புதருக்குள் புகுந்து நிழலை அளந்தார்கள், வகுத்தார்கள்.

"இருபத்தாறு!" என்றாள் எதிர்க்கேள்வி. "நீங்க முப்பதுன்னீங்களே சார்?"

"தரை மேடு பள்ளமா இருக்குல்ல..."

"அப்போ பாடம் தப்பா, நீங்க சொன்னது தப்பா?"

"இருபத்தாறுன்னே ஒத்துக்கிட்டு வாங்க," என்று மனைவி காதோரம் சொன்னாள். ஒத்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கைத்தோலைத் தேய்த்து ஏறிய நாலு மீட்டரைச் சும்மா விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"முப்பதுதான்! மேலே இருந்து கயிறு விட்டுப் பார்த்துடலாம்."

வீட்டுக்கார அம்மா ஆள் அனுப்பினார். கொடிக்கயிறு வந்து சேர்ந்தது, துணி மாட்டும் கிளிப்புகளோடு.

"பின்பக்கம் ஒத்தையடிப் பாதை இருக்கு சார். ஒரு மணி நேரம் நடந்தா உச்சி," என்றார் அந்த அம்மா.

"ஒரு மணி நேரமா? அதுக்குள்ள..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை பாறையில் இருந்தது.

தையல்காரர் எங்கிருந்தோ பாறை ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் ஒரு இடுப்பு வாரைக் கொண்டுவந்து நீட்டினார். "யாரோ தைக்கக் கொடுத்தது," என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு. நூல் கோக்கப் பத்து நிமிடம் எடுக்கிற அதே மனிதர், கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுக் கயிற்றை இறுகப் பிடித்தார்.

பாறையில் ஏற்கெனவே அடித்திருந்த வளையங்களில் கயிற்றை மாட்டிக்கொண்டு வாத்தியார் ஏறினார். ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான சட்டை காற்றில் படபடத்தது. "அண்ணே, இடது காலை இன்னும் கொஞ்சம் மேலே!" என்று கீழிருந்து தையல்காரர் கத்தினார். வாத்தியார் யோசிக்காமல் வைத்தார். சரியான பிடி அங்கேதான் இருந்தது.

உச்சியில் நின்றபோது மனம் நிறைந்து ததும்பியது. தூரத்தில் அவர்கள் வீடு, மனைவியின் ஜன்னல். கயிற்றை இறக்கினார். "கறுப்புக் குறி தரையில! சரியா முப்பது!" என்று எதிர்க்கேள்வி துள்ளினாள். கைதட்டல் மேலே வரை கேட்டது. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

இறங்கி நேரே வீட்டுக்கார அம்மாவின் முன் போய் நின்றார். மனைவியும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அம்மா, நான் வாத்தியார் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். பாறை ஏறத்தான் இந்த ஊருக்கு வந்தேன், பொய் சொல்லிட்டேன். ரெண்டு மடங்கு வாடகைக்கு எங்களுக்கு வசதி இல்லை. பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் விடுங்க. அப்புறம் காலி பண்ணிடறோம்."

அந்த அம்மா நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பையில் இருந்து போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

"தரகரே, நீங்க அனுப்பின தையல்காரரை விடக் கணக்கு வாத்தியார் நல்லா அமைஞ்சுட்டார், அதே வாடகைக்கே இருக்கட்டும், பாறை ஏற அடுத்து யார் வந்தாலும் அந்த ரெண்டு மடங்கு கதையைச் சொல்லி, இந்தத் தடவையாவது மறக்காம ஒரு குழாய்க்காரரா அனுப்பி வைங்க!"