பாயில் பாய் தண்ணி காட்டிய கதை

நாமக்கல் வட்டாரத்தில் சூடேறிய எந்த இஞ்சினும் பாயில் பாயின் கை படாமல் ஆறியதில்லை. இதை நான் சொல்லவில்லை, பாயே சொல்வார். லாரி இஞ்சின் கொதித்து ஆவி கிளம்பினால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் 'வண்டி பாயில் ஆகுது' என்பார்கள். அந்தச் சீக்குக்கு மட்டும் வைத்தியம் பார்த்ததால் அவர் பாயில் பாய். வேறு கோளாறு எதற்கும் ஸ்பேனரைத் தொடமாட்டார். "பிரேக்குங்களா? அது வேற டிபார்ட்மென்ட்டுங்க" என்று பக்கத்துப் பட்டறைக்குக் கை காட்டிவிடுவார். பெயரை மட்டும் கேள்விப்பட்டு கோரைப்பாய் வாங்க வந்து நின்றவர்களும் உண்டு. பாவம் என்று ரெண்டு பேருக்குக் கடைவீதியில் வாங்கிக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

பானெட்டைத் திறந்ததும் இஞ்சினிடம்தான் பேசுவார். "என்ன கண்ணு, எத்தன நாளா இப்பிடி?" டிரைவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவருக்கு ஆகாது. "உங்களக் கேக்கலீங்க" என்பார்.

இப்படிப்பட்டவரைப் படகு இஞ்சினுக்குக் கூட்டிப் போனது என் குற்றம். என் தங்கை புருஷன் செல்வராசு இருந்த ஒரே லாரியையும் விற்றுவிட்டு, கேரளாவிலிருந்து பழைய போட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். வயிற்றுக்குள் டீசல் இஞ்சின் வைத்த போட். மோகனூரில் காவிரியைக் கடக்க ஆள் ஏற்றலாம் என்பது திட்டம். கரையில் எவ்வளவு நேரம் ஓடினாலும் இஞ்சின் பரம சாது. நடு ஆற்றுக்குப் போனால் கொதித்து நின்றுவிடும். ஆடிப் பதினெட்டுக்குள் சரியாகாவிட்டால் மாப்பிள்ளைக்கு லாரியும் இல்லை, போட்டும் இல்லை.

பாய் வந்து குனிந்து பார்த்தார். "ரேடியேட்டர் எங்கீங்க?"

"ரேடியேட்டரே இல்லீங்க பாய். ஆத்துத் தண்ணி அடியில ஓட்ட வழியா உள்ள வந்து, இஞ்சினச் சுத்திட்டு, பக்கத்துக் கொழாயில வெளிய போயிரும்" என்றார் மாப்பிள்ளை.

பாய் காவிரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "அப்ப இதுதான் ரேடியேட்டருங்களா?" மணலில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மூடி எங்கீங்க?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாய்க்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. "லாரி கவுந்தா கீழ தரை இருக்குதுங்க. இது கவுந்தா எங்கீங்க போயி நிக்கறது?" என்று போட்டில் ஏற மறுத்துவிட்டார். அதனால் வைத்தியம் போனில் நடந்தது. மாப்பிள்ளை நடு ஆற்றில் போனை இஞ்சின் பக்கத்தில் வைக்க, பாய் கரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மாப்பிள்ளை இடையில் வாயைத் திறந்தால் "நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்" என்று அதட்டுவார். மூன்றாவது நாள் போன் வழுக்கி இஞ்சினுக்கு அடியில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தது. "இப்ப சத்தம் தெளிவா இல்லீங்களே" என்று கரையிலிருந்து கத்தினார்.

லாரிக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். பெல்ட்டை இறுக்கினார். தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் விசிறியைப் புதிதாக மாற்றினார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர வீசினார். அது எதற்கு என்று கேட்டேன். "இருந்தாத் தொந்தரவு" என்றார். அப்புறமும் இஞ்சின் கொதித்தது.

பாய் ரெண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லையாம். "என்ற கை பட்ட வண்டி திரும்பக் கொதிச்சதா சரித்திரம் கெடையாதுங்க. முப்பது வருசப் பேரு இந்த ஆத்தோட போயிருமாட்ட இருக்குது" என்றார். மறுநாள் லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்து இடுப்பில் மாட்டிக்கொண்டு போட்டில் ஏறினார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கை டியூபில், ஒரு கை தண்ணீர் வெளியேறும் குழாயில், கண் இரண்டும் மூடியபடி போனார். பாதி ஆறு தாண்டியதும் கத்தினார்.

"தண்ணி மெலியுதுங்க! இது காச்சல் இல்லீங்க, தாகம்! புள்ளைக்குத் தாகமுங்க!"

அவர் சொன்னது சரி. நடு ஆற்றில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர், போட்டின் அடியில் இருந்த ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. கரையோரம் அது கிடையாது, அதனால்தான் அங்கே சாது. பாய் தன் வீட்டு இடியாப்பத் தட்டை எடுத்து வந்து ஓட்டைக்கு மூடியாக அடித்தார். அவர் வீட்டில் அதற்கு நடந்த பஞ்சாயத்து தனிக் கதை. அப்புறம் ரெண்டு வாரம் போட் அன்னநடை போட்டது.

பிறகு ஒரு நாள் நடு ஆற்றில் திரும்பவும் கொதித்து நின்றது. பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஒன்றை நல்ல நேரம் தாண்டிக் கரை சேர்த்தோம். அவர்கள் விட்ட சாபத்தை இங்கே எழுத முடியாது. பாய்க்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அந்த எரிச்சலோடு கரையில் நின்றபோது பரிசல் ஓட்டுகிற ராமசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, பாய்தான் தெனமும் தண்ணி காட்டறாருங்களே!"

மாட்டுக்குத் தண்ணி காட்டுவது வேறு, மனுஷனுக்குத் தண்ணி காட்டுவது வேறு. முதலாவது தாகம் தீர்ப்பது, இரண்டாவது ஏமாற்றுவது. இது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நேராகப் பட்டறைக்குப் போனேன். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். "ஏன் பாய், தண்ணி காட்டறீங்களா?" என்றேன்.

பாய் முகம் சுருங்கியது. ஒளித்து வைத்தது தெரிந்துபோனவர் மாதிரி தலையைக் குனிந்தார். "ஆமாங்க. தெனமும் காட்டறேனுங்க. நேத்து ஒரு நாளுதான் முடியலீங்க, எனக்கே காச்சலாப் போச்சு."

"பாயில் பாய்க்கே பாயிலா!" என்று ஒரு டிரைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. "முப்பது வருஷம் ஊரை ஏமாத்துனது போதும் பாய். இனி எங்க போட்டத் தொடாதீங்க" என்றேன். சிரிப்பு நின்றது. பாய் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சரிங்க" என்றார்.

அதற்கு மறுநாளே ஆடிப் பதினெட்டு. போட் நிறைய ஆளோடு நடு ஆற்றில் நின்றது. ராமசாமி பரிசல்களைக் கூட்டி வந்து எங்களை இழுத்துக் கரை சேர்த்தார். "பாய் ஏனுங்க வாரதில்ல?" என்று கேட்டார். "தெனமும் விடியறப்ப வந்திருவாரே. டியூப மாட்டிக்கிட்டு கழுத்தளவு தண்ணியில எறங்கி, ஒரு கையில என்ற பரிசலப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய அடியில உட்டுத் தட்டுல சிக்குன வேரப் புடுங்குவாரு. ஒடம்பே நடுங்கும். நாஞ் செய்யறேன்னாலும் உட மாட்டாரு. 'இஞ்சினுக்குத் தண்ணி காட்டோணுமுங்க, அவங்களுக்குச் சொல்லிராதீங்க, என்ற வேலை அரைகொறைன்னு நெனச்சுக்குவாங்க'ம்பாரு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே போயிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. நாலாவது நாள் போனேன், பட்டறை பூட்டியிருந்தது. சேலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர். "யாரோ ஏமாத்துக்காரருன்னு சொல்லிப்புட்டாங்களாமுங்க. மனசு உட்டுட்டாரு. எந்தப் பாவி சொன்னான்னு தெரியல" என்றார். நானும் தெரியாது என்றுதான் தலையாட்டினேன். வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்தத் தலையாட்டலைச் சொல்வேன்.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்: "இஞ்சின் எப்பிடீங்க இருக்குது?" நல்லா இருக்குதுங்க என்றேன். "நல்லதுங்க" என்று வைத்துவிட்டார். அடுத்த முறை கொதிக்கிறது என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். எத்தனை நேரத்தில் சூடேறுகிறது, குழாயில் தண்ணீர் மெலிகிறதா, பெல்ட் எப்படி என்று அரைமணி நேரம் பேசினார்.

அந்தப் போட்டை விற்று ரெண்டு வருஷம் ஆகிறது. நான் வாராவாரம் போன் செய்து சூடு குறையவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு மட்டும் இன்னும் வாயில் வரவில்லை. போன வாரம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, வேரு புடுங்க நீங்க எறங்கீராதீங்க. ஆழமுங்க. நீச்சல் தெரிஞ்சவங்க ஆரயாச்சும் எறக்குங்க."

சரிங்க பாய் என்றேன். அவர் என்னோடு பேசுகிற வரைக்கும் அந்த இஞ்சின் ஆறவே கூடாது.