ஒரே கைகாட்டியில் மூன்று பண்பாடுகள்

பல்வேறு பண்பாட்டுப் பின்னணி கொண்ட கலைஞர்களின் பேச்சுக் கவிதை விழாவை மாத இறுதிக்குள் நடத்தி, புகைப்படங்களுடன் அறிக்கை அனுப்புமாறு எங்கள் பக்கத்துப் பண்பாட்டு அலுவலகத்துக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. பேச்சுக் கவிதை என்றால், காகிதம் இல்லாமல் மைக் முன்னால் நின்று தன் வேதனையைத் தானே சொல்வது. நடுநடுவே மௌனமாக நிற்பது. பெருநகரங்களில் இப்போது இப்படித்தான் வேதனைப்படுகிறார்களாம். கேட்பவர்கள் கைதட்டக் கூடாது, விரலைச் சொடுக்கிப் பாராட்ட வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. எங்கள் பக்கம் சொடக்குப் போட்டு நாயைக்கூடக் கூப்பிடுவதில்லை. ஆபீஸ் உதவியாளரைக் கூப்பிடுவதுண்டு.

அலுவலர் ராஜவேல் பண்பாடுகளைத் தேடிப் புறப்பட்டார். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில், சுண்ணாம்பு மேடு கைகாட்டியிலேயே மூன்று பண்பாடுகள் கிடைத்துவிட்டன. முந்திரிக்காட்டுக் குடும்பத்துப் பெண் ஹேமலதா, பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனைப் படிப்புப் படிக்கிறவள். ஜெபமாலை மேரி, ஏலாக்குறிச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்த தையல்காரி. பிரபுல்லா, சிமெண்டு மூட்டை தூக்க ஒடிசாவிலிருந்து வந்து, இப்போது பானிபூரி விற்கிறவன். மூவரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் சிறப்பு.

ஒத்திகை நடந்தது. ஹேமலதா சொன்னாள். ஜெபமாலை சொன்னார். பிரபுல்லா சொன்னான். ராஜவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, மூணு பேரும் ஒரே பஸ்ஸப் பத்திச் சொல்றீங்க?"

"எங்க கைகாட்டிக்கு ஒரே டவுன் பஸ்தான் சார் வருது. அதுவும் நிக்க மாட்டேங்குது" என்றாள் ஹேமலதா.

"பன்முகப் பண்பாடுன்னா வேற வேற வேதனை இருக்கணும். மூணு பேருக்கும் ஒரே வேதனைன்னா அது கவிதை இல்ல, மனு. மனுவுக்குத் திங்கக்கிழமை இருக்கு."

"திங்கக்கிழமை வர்றதுக்கும் அந்த பஸ்லதான் சார் ஏறணும்."

ராஜவேல் வேதனைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஜெபமாலைக்கு மாதா கோயில் திருவிழா.

"திருவிழாவுக்குப் போற பஸ்ஸச் சொல்லலாமுங்களா?"

"பஸ்ஸே வேணாம். நடந்து போற மாதிரி சொல்லுங்க."

"அதான் சார் தெனமும் போறோம்."

பிரபுல்லாவுக்குக் கடல்.

"எங்க ஊர்ல கடல் இல்ல சார். பஸ் இருக்கு. நிக்கும். அதச் சொல்லவா?"

"அது நம்ம மாநிலத்தக் கொறச்சுச் சொல்றாப்ல ஆயிடும். கடல நெனச்சுக்க தம்பி."

ஹேமலதாவுக்கு முந்திரிப்பூவின் மணம். அவள் தலையாட்டினாள். அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதமாகப் போனால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். விழாவின் முன்வரிசையில் மாவட்டத்தின் பெரிய அதிகாரி உட்காரப் போகிறார். அவர் காதில் விழுந்தால் பஸ் நிற்கும்.

விழா நாளில் நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். நாற்காலிகளை நிரப்ப ஆசிரியர்கள், சத்துணவுக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள் வரை அழைத்திருந்தார்கள். ஜெபமாலை நடந்தார். சொடக்கு. பிரபுல்லா கடலை நினைத்துக்கொண்டான். சொடக்கு. ஒவ்வொரு சொடக்குக்கும் உதவியாளர் அய்யாக்கண்ணு "சார்?" என்று ஓடி வந்ததால், அவரைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள்.

ஹேமலதா மைக் முன்னால் நின்றாள். முந்திரிப்பூ வரவில்லை.

"காலையில் நான் கை நீட்டுகிறேன்.
பெண்ணுக்குச் சீட்டு இலவசம்.
அதனால் என் கைக்கும் விலையில்லை.
பஸ் வருகிறது.
பஸ் வருகிறது.
பஸ் போய்விட்டது.
லாரிப் புழுதியில் நடக்கிறேன்.
என் வெள்ளைக் கோட்டு
இன்னும் வெளுக்கிறது."

அரங்கம் அடைமழை ஓட்டில் விழுவதுபோலச் சொடுக்கியது. மூன்றாவது வரிசையில் கண்டக்டர் அரியமுத்து, அந்த பஸ்ஸின் கண்டக்டரேதான், கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பெரிய அதிகாரி மேடையேறினார்.

"பஸ் என்பது இங்கே வாழ்க்கையின் குறியீடு" என்றார்.

"குறியீடு இல்ல சார். ஏழே முக்காலுக்கு வரும். சுண்ணாம்பு மேட்டுல நிக்காது."

"பாருங்கள், விளக்கம் கேட்டால்கூடக் கவிதையாகவே வருகிறது."

மறுபடியும் சொடக்கு. ராஜவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹேமலதாவுக்கு முதல் பரிசு. பித்தளைத் தகடு பதித்த பெரிய கேடயம். இந்தக் கவிதையை மாநில விழாவுக்கு அனுப்ப வேண்டும், அதுவரை இதன் சூழல் சிதையாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அதிகாரி அங்கேயே ஆணையிட்டார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பக்கத்து வேதனை ஒன்று இவ்வளவு தூரம் போனதில்லை.

மறுநாள் ஏழே முக்காலுக்கு அந்த பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தோம். விழாவைப் பற்றியே பேச்சு. அந்தப் பெண் 'போய்விட்டது' என்று சொல்லி நிறுத்திய அழகைப் பின்சீட்டில் ஒருவர் சொல்லிக் காட்டினார்.

சுண்ணாம்பு மேடு கைகாட்டியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஜெபமாலை கை நீட்டினார். பிரபுல்லா கை நீட்டினான். கை நீட்டினால் நிற்பதில்லை என்பது தெரிந்த ஹேமலதா, வெள்ளைக் கோட்டோடு, கேடயத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வெயில் பட்டு அது தூரத்திலிருந்தே மின்னியது.

படியில் நின்றிருந்த அரியமுத்துவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையை வெளியே நீட்டி, அவளுக்கு நேராக ஒரு சொடக்குப் போட்டார்.

அவர் மட்டும் என்ன, நாங்களும் ரசிகர்கள்தான். ஜன்னலுக்கு ஜன்னல் கையை நீட்டி, புழுதி அவர்களை மறைக்கும்வரை சொடுக்கிக்கொண்டே போனோம்.